தாத்தாவின் சிறுத்தைத் தோலும் கடமான் கொம்பும்: யாரிடம், எப்படித் தெரிவிப்பது?

கேள்வி: பெரம்பூர்ப் பேரன்

அனைவருக்கும் வணக்கம். பெரம்பூர் பேப்பர் மில்ஸ் சாலையை ஒட்டிய எங்கள் பூர்விக வீட்டை இடித்துக் கட்டுவதாக முடிவாகி, பரணிலிருந்த பொருள்களை இறக்கிக்கொண்டிருக்கிறோம். அப்பா காலமாகி இன்னும் இரண்டு மாதம் நிறையவில்லை. அவருடைய தந்தை, அதாவது என் தாத்தா, இரயில்வேயில் கார்டாக இருந்தவர். ரேணிகுண்டா, கடப்பா பகுதிகளில் பணியாற்றிய காலத்தில் உரிமம் பெற்று வேட்டைக்குப் போயிருக்கிறார். அந்நாளைய பொருள்கள் இரண்டு எங்களிடம் உள்ளன. ஒன்று, தலையோடு சேர்த்துப் பாடம் செய்யப்பட்ட சிறுத்தைத் தோல். மற்றொன்று, கேடயம் போன்ற மரப்பலகையில் பொருத்திய கடமான் கொம்பு.

தோலின் உட்புறம் பச்சைக் கம்பளித் துணி வைத்துத் தைத்திருக்கிறது. அதன் ஓரத்தில் பத்துப் பைசா நாணயத்தைவிடச் சற்றே பெரிய உலோக வில்லை ஒன்று கம்பியால் கோக்கப்பட்டு, அதில் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கிறது. தாத்தாவின் டிரங்குப் பெட்டியில், 1970களின் தேதியிட்ட உரிமைச் சான்றிதழ் ஒன்று அவர் பெயரில் கிடைத்தது. வில்லையிலுள்ள எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கின்றன. கடமான் கொம்பைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வார்த்தையும் இல்லை. பலகையின் கீழே பித்தளைத் தகட்டில் 1958 என்று ஆண்டு மட்டும் வெட்டியிருக்கிறது.

தாத்தா 1989இல் காலமானார். அதன்பிறகு அப்பா சான்றிதழைத் தம் பெயருக்கு மாற்றியதாகத் தெரியவில்லை. இப்போது வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். பெங்களூரில் இருக்கும் தம்பி, தாத்தாவின் நினைவாகத் தோலைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போகிறேன் என்கிறான். மாமா ஒருவர், வம்பே வேண்டாம், இரவோடு இரவாகக் கொளுத்திவிடுங்கள் என்கிறார். பழைய பொருள் வாங்குகிறவர் ஒருவர் எப்படியோ கேள்விப்பட்டு இரண்டு முறை வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். எனக்குச் சட்டப்படி நடக்க வேண்டும். அம்மாவை எந்தச் சிக்கலிலும் இழுத்துவிடக் கூடாது. எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: கொருக்குப்பேட்டை வழக்கறிஞர்

தம்பி, முதலில் உங்கள் அப்பாவின் மறைவுக்கு என் ஆழ்ந்த இரங்கல். நீங்கள் கேட்ட நேரம் நல்ல நேரம். ஏனென்றால் சட்டம் கொடுத்திருக்கும் கெடு இன்னும் முடியவில்லை.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் 40ஆம் பிரிவுதான் உங்களுக்கு அடிப்படை. சட்டம் வந்தபோது, பாதுகாக்கப்பட்ட விலங்குகளின் தோல், தலை, கொம்பு முதலியவற்றை ஏற்கெனவே வைத்திருந்தவர்கள் 30 நாள்களுக்குள் மாநில வனத்துறையின் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் அறிவிக்க வேண்டும் என்று விதித்தார்கள். உங்கள் தாத்தா அதைச் செய்திருக்கிறார். அப்படி அறிவித்தவர்களின் வீட்டுக்கு அதிகாரிகள் வந்து, பொருளைப் பார்த்துப் பட்டியலிட்டு, அதில் அடையாளக் குறி இடுவதற்கு 41ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. அதன்பின் 42ஆம் பிரிவின்கீழ் உரிமைச் சான்றிதழ் வழங்கப்படுகிறது. நீங்கள் சொல்லும் வில்லை அந்த அடையாளக் குறியாகத்தான் இருக்க வேண்டும். அதை அழிப்பதோ போலியாகச் செய்வதோ தனிக் குற்றம். ஆகவே துடைக்கிறேன், மெருகு போடுகிறேன் என்று யாரும் அதில் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

2002ஆம் ஆண்டுத் திருத்தம் 40ஆம் பிரிவில் இரண்டு உட்பிரிவுகளைச் சேர்த்தது. சான்றிதழ் இல்லாத எவரும் இத்தகைய பொருளைப் புதிதாகப் பெறக் கூடாது, வாரிசு வழியாக வருவது மட்டுமே விலக்கு என்பது ஒன்று. வாரிசு வழியாகப் பெற்றவர் 90 நாள்களுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரிடமோ அவரால் அதிகாரம் அளிக்கப்பட்ட அலுவலரிடமோ அறிவிக்க வேண்டும் என்பது மற்றொன்று. தாத்தா காலமான 1989இல் இந்த 90 நாள் விதி இல்லை. அப்பா காலமானபோது இருக்கிறது. அவர் மறைந்த நாளிலிருந்து கணக்கிட்டு, கெடுவின் கடைசி வாரம்வரை காத்திராமல் இப்போதே எழுதுங்கள்.

கடிதத்தில் இரண்டு தலைமுறை வாரிசுரிமையையும் சேர்த்தே விளக்க வேண்டும். தாத்தாவின் இறப்புச் சான்றிதழ், அப்பாவின் இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் அலுவலகத்தில் பெறும் வாரிசுச் சான்றிதழ், பழைய உரிமைச் சான்றிதழின் நகல், தோலின் முன்புறம், பின்புறம், வில்லை ஆகியவற்றின் தெளிவான புகைப்படங்கள் ஆகியவற்றை இணையுங்கள். வாரிசுச் சான்றிதழ் கைக்கு வரத் தாமதமானால் அதற்காக அறிவிப்பை நிறுத்தி வைக்க வேண்டாம்; விண்ணப்பித்த ஒப்புகைச் சீட்டை இணைத்துவிட்டு, சான்றிதழைப் பின்னர் அனுப்புங்கள். கிண்டியிலுள்ள வனத்துறைத் தலைமையகத்தில் நேரில் கொடுத்து முத்திரையோடு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே விரைவு அஞ்சலிலும் ஒன்று அனுப்பி, அதன் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

மாமாவிடம் மரியாதையாக ஒன்றைச் சொல்லுங்கள். 57ஆம் பிரிவின்படி, இத்தகைய பொருள் ஒருவர் வசம் இருப்பது நிரூபிக்கப்பட்டால், அது சட்டவிரோதமாக வைத்திருப்பது என்றே முதலில் கருதப்படும். அப்படியில்லை என்று காட்டும் பொறுப்பு வைத்திருப்பவருடையது. உங்கள் கையிலுள்ள தாளும் வில்லையும் பொருளும் சேர்ந்துதான் உங்கள் நிரூபணம். பதிவேட்டில் இருக்கும் ஒரு தோலை எரித்துவிட்டால், நாளை அது எங்கே போனது, யாருக்கு விற்றீர்கள் என்ற கேள்விக்கு உங்கள் அம்மாதான் பதில் சொல்லும்படி ஆகும்.

பதில்: மாதவரம் பெரியவர்

வனத்துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வழக்கறிஞர் ஐயா சட்டத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். கொம்பு ஏன் சான்றிதழில் இல்லை என்பதைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் வீணாகப் பயந்துபோகின்றன.

வேட்டை இங்கே ஒரே நாளில் தடை செய்யப்பட்டதன்று. நீலகிரியில் 1879ஆம் ஆண்டிலேயே வேட்டை விலங்குகளுக்கும் மீன்களுக்கும் தனிச்சட்டம் போட்டு, பருவமும் உரிமமும் வகுத்தார்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டமும் தொடக்கத்தில் வேட்டையை முற்றாக ஒழித்துவிடவில்லை. முதல் பட்டியல் விலங்குகளுக்கு முழுப் பாதுகாப்பு கொடுத்துவிட்டு, மற்றவற்றைச் சிறப்பு வேட்டை விலங்கு, பெரிய வேட்டை விலங்கு, சிறிய வேட்டை விலங்கு என்று பட்டியல்களாகப் பிரித்து, அவற்றுக்கு உரிமம் வழங்க இடம் வைத்திருந்தது. உரிமம் பெற்றவர் தாம் கொன்ற விலங்குகளுக்குப் பதிவேடு வைக்க வேண்டும். சுட்டதையோ காயப்படுத்தியதையோ 15 நாள்களுக்குள், அல்லது அந்தப் பகுதியை விட்டுக் கிளம்புவதற்கு முன், எது முந்தியதோ அதற்குள், எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். உரிமக் காலம் முடிந்ததும் பதிவேட்டையும் உரிமத்தையும் ஒப்படைக்க வேண்டும். 1991ஆம் ஆண்டுத் திருத்தம்தான் இந்த உரிம ஏற்பாட்டை அடியோடு எடுத்தது.

கடமான் அன்று மூன்றாம் பட்டியலில், பெரிய வேட்டை விலங்குகளோடு இருந்தது. கையிருப்பை அறிவிக்கச் சொன்ன 40ஆம் பிரிவோ முதல் பட்டியலையும் இரண்டாம் பட்டியலின் இரண்டாம் பகுதியையும்தான் குறிப்பிட்டது. எனவே உங்கள் தாத்தா சிறுத்தைத் தோலை அறிவித்துவிட்டு, கொம்பை மறைத்துவிட்டார் என்று எண்ண வேண்டியதில்லை. சட்டம் கேட்டதை அவர் முறையாகச் செய்திருக்கிறார். ஆந்திரப் பகுதியில் வேட்டையாடிய மனிதர், ஓய்வுபெற்றுப் பெரம்பூருக்கு வந்த பின்னும் அந்தத் தாளை எறியாமல் வைத்திருந்தார் என்பதிலேயே அவருடைய ஒழுங்கு தெரிகிறது.

ஆனால் இன்றைய நிலை வேறு. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஆறு பட்டியல்களை நான்காகச் சுருக்கி, விலங்குகளின் இடங்களை மாற்றியமைத்தார்கள். கொம்பு, எலும்பு, பல், நகம், முடி எல்லாமே சட்டத்தின் கண்ணில் வேட்டைப் பொருள்தான். காட்டில் உதிர்ந்து கிடந்ததைப் பொறுக்கினேன் என்று சொன்னாலும் கொம்பு கொம்புதான். ஆகவே அறிவிப்புக் கடிதத்தில் கொம்பையும் சேர்த்தே எழுதுங்கள். தாத்தாவின் பழைய வேட்டை உரிமம், அவர் கொம்பின் அருகில் நிற்கும் பழைய புகைப்படம், வீட்டு விசேஷங்களில் எடுத்த படங்களின் பின்னணியில் சுவரில் அது தொங்கும் காட்சி, இப்படி ஏதாவது இருக்கிறதா என்று ஆல்பங்களைப் புரட்டுங்கள். பித்தளைத் தகட்டைக் கழற்ற வேண்டாம்.

பதில்: ராயபுரம் துறைமுகத்தான்

வாசலுக்கு வந்த பழைய பொருள் வியாபாரியை மறுபடி வீட்டுக்குள் விடாதீர்கள் அண்ணா. சான்றிதழ் உள்ள பொருளாக இருந்தாலும் விற்க முடியாது. பணத்துக்கோ வேறு வணிகப் பலனுக்கோ கைமாற்றுவதை 43ஆம் பிரிவு தடுக்கிறது. என் உறவினர் வீட்டில் இப்படித்தான் ஒருவர் வந்து, சான்றிதழைப் படம் மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். பழைய தாளின் எண்ணைப் புதிதாகக் கொன்ற விலங்கின் தோலுக்கு ஒட்டவைக்கப் பார்ப்பார்கள் என்று அங்கிருந்த பெரியவர் ஒருவர் தடுத்துவிட்டார். தாளின் படத்தையோ வில்லையின் படத்தையோ குடும்ப வாட்ஸ்அப் குழுவில்கூடப் போட வேண்டாம். பிள்ளைகள் தோலைப் போர்த்திக்கொண்டு இன்ஸ்டாகிராமில் படம் போட்டிருந்தால் இன்றே எடுக்கச் சொல்லுங்கள்.

பதில்: எழும்பூர்க் காப்பாளர்

சட்டத்தைப் பற்றி மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். நான் அருங்காட்சியகப் பொருள்களைப் பேணும் வேலையில் பயிற்சி பெற்றவள். உங்கள் அனைவரின் உடல்நலத்தைப் பற்றி ஒரு முக்கியமான செய்தியைச் சொல்லியாக வேண்டும். ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன்பு பாடம் செய்த தோல்களில், பூச்சி அரிக்காமலிருக்க ஆர்செனிக் கலந்த சோப்பைத் தடவும் வழக்கம் பரவலாக இருந்தது. அந்த நஞ்சு ஆண்டுகள் கழிந்தாலும் போய்விடாது. தோல் வறண்டு உதிரும்போது தூளோடு சேர்ந்து வெளியே வரும். கண்களைச் சுற்றியும், வாயோரத்திலும், பாதங்களின் அடியிலும், தையல் பிரிந்த இடங்களிலும் வெண்மையான பொடி படிந்திருந்தால் குறிப்பாக எச்சரிக்கையாக இருங்கள். பொடி கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக நஞ்சு இல்லை என்று முடிவு செய்யவும் கூடாது.

தோலை உதறாதீர்கள், மாடியில் வெயிலில் போட்டுத் தட்டாதீர்கள், துடைப்பத்தால் பெருக்காதீர்கள். நைட்ரைல் கையுறையும் என்-95 முகக்கவசமும் போட்டுக்கொண்டு, இருவராகச் சேர்ந்து, மடிக்காமல் தூக்கி, பழைய பருத்தி வேட்டியில் தளர்வாகச் சுற்றித் தரையிலிருந்து உயரமான இடத்தில் வையுங்கள். வடசென்னையின் ஈரக் காற்றில் பிளாஸ்டிக் உறைக்குள் காற்றுப் புகாமல் கட்டினால் சில வாரங்களில் பூஞ்சை பிடித்துவிடும். பரணைச் சுத்தம் செய்யும் வேலையாளுக்கும் இதைச் சொல்லிவிடுங்கள். அவருக்குச் சொல்லாமல் விடுவது நியாயமன்று. சிறு குழந்தைகளை அந்த அறைக்குள் விட வேண்டாம். எரிக்கலாம் என்ற யோசனைக்கு இதுவும் ஒரு பதில்: ஆர்செனிக் ஏறிய தோலை எரித்தால் அந்தப் புகை தெருவையே பாதிக்கும்.

பதில்: வியாசர்பாடி, இப்போது மிச்சிகன்

வணக்கம் தம்பி. நான் பிறந்து வளர்ந்தது வியாசர்பாடி. வேலைக்காக அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கிறேன். உடன் பணிபுரிகிறவர்கள் பலர் இலையுதிர் காலத்தில் உரிமம் வாங்கி மான் வேட்டைக்குப் போவார்கள். உங்கள் தோலிலுள்ள வில்லையைப் பற்றிப் படித்தவுடன் இங்குள்ள நடைமுறையைப் பகிரத் தோன்றியது.

இங்கே உரிமத்தோடு ஒரு அடையாளச் சீட்டும் தருகிறார்கள். மானைச் சுட்டதும், அதை இடம்விட்டு நகர்த்துவதற்கு முன்பே, தேதியையும் விலங்கின் விவரத்தையும் அந்தச் சீட்டில் குறித்து உடலில் கட்டிவிட வேண்டும். வெட்டிப் பதப்படுத்தும்வரை சீட்டு அதிலேயே இருக்க வேண்டும். 2022 முதல், 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் சீட்டு எண், வேட்டையாடிய இடம், தேதி ஆகியவற்றைப் பதிவு செய்வதும் கட்டாயமாகிவிட்டது. அந்தக் கணக்கை வைத்துத்தான் எந்த வட்டாரத்தில் மான் எவ்வளவு இருக்கிறது, அடுத்த பருவத்தில் எத்தனை உரிமம் தரலாம் என்று வனவிலங்கு அறிஞர்கள் கணிக்கிறார்கள். ஒருவர் பதிவு செய்யாமல் விட்டால் கணக்கே கோணலாகிவிடும் என்று, என்னோடு வேலை பார்க்கும் வயதான வேட்டைக்காரர் ஒருவர் இதை மிகக் கண்டிப்பாகச் செய்வார்.

நம் நாட்டில் வேட்டையே இல்லையென்றான பிறகு அந்தக் குறி வேறொரு வேலையைச் செய்கிறது என்று எனக்குப் படுகிறது. இது அன்று இறந்த சிறுத்தை, நேற்று கண்ணியில் மாட்டியதன்று என்று பிரித்துக் காட்டுவது அந்தச் சிறு வில்லை ஒன்றுதான். அது இல்லாத தோல்கள் நம் வீடுகளில் எத்தனை கிடக்கின்றனவோ, அத்தனையும் கள்ள வேட்டைக்காரனுக்கு மறைவிடம். அதனால் உங்கள் குடும்பம் இதைச் சரியாகச் செய்வது, இப்போது காட்டில் உயிரோடு இருக்கும் சிறுத்தைகளுக்கும் செய்கிற நன்மை. இதை நான் மனமார நம்புகிறேன்.

மறுமொழி: பெரம்பூர்ப் பேரன்

அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. அம்மாவுக்கு எல்லாப் பதில்களையும் படித்துக் காட்டினேன். தோல் இப்போது வேட்டியில் சுற்றி, பூட்டிய அறையில் கட்டில்மேல் இருக்கிறது. ஆல்பத்தில் ஒரு படம் கிடைத்தது. அத்தையின் நலங்கின்போது எடுத்தது, பின்சுவரில் கொம்பு தெளிவாகத் தெரிகிறது. இன்னும் இரண்டு ஐயங்கள். தம்பி பெங்களூருக்கு எடுத்துப் போகலாமா? அம்மாவோ, இந்த வயதில் இதைக் காவல் காக்க என்னால் முடியாது, அரசாங்கத்திடமே கொடுத்துவிடலாம் என்கிறார். அதற்கு வழி உண்டா?

பதில்: கொருக்குப்பேட்டை வழக்கறிஞர்

தம்பியை இப்போதைக்குப் பொறுத்திருக்கச் சொல்லுங்கள். சான்றிதழ் உள்ளவர்கூட ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்குப் பொருளைக் கொண்டுபோனால் 30 நாள்களுக்குள் அங்குள்ள அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். உங்கள் விஷயத்திலோ சான்றிதழ் இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறது. அந்த நிலையில் ஓசூர் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தினால் விளக்கம் சொல்லவே நாள் போதாது. சிறுத்தை முதல் பட்டியலில் உள்ள விலங்கு. அதைச் சார்ந்த குற்றங்களுக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகம் 7 ஆண்டு சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. அறிவிப்பு ஏற்கப்பட்டு, புதுச் சான்றிதழ் கைக்கு வரும்வரை தோல் பெரம்பூரை விட்டு நகரக் கூடாது. வீடு இடிக்கும் நாளுக்குள் முடியாவிட்டால், தற்காலிகமாக எந்த முகவரியில் வைக்கப் போகிறீர்கள் என்பதையும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து விடுங்கள்.

அம்மாவின் விருப்பத்துக்கு வழி உண்டு. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 42ஏ என்ற பிரிவைச் சேர்த்திருக்கிறது. உரிமைச் சான்றிதழ் உள்ளவர், பொருளைத் தொடர்ந்து வைத்திருக்க விரும்பவில்லையென்றால், தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு ஏழு வேலை நாள்கள் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு ஒப்படைக்கலாம். ஒப்படைத்த நாளிலிருந்து சான்றிதழ் ரத்தாகும். இழப்பீடு எதுவும் கிடையாது. பொருள் மாநில அரசின் சொத்தாகிவிடும். அந்தப் பிரிவு சான்றிதழ் வைத்திருப்பவரைப் பற்றியே பேசுவதால், முதலில் வாரிசாக அறிவியுங்கள். அதே கடிதத்தின் கடைசிப் பத்தியில், தோலை ஒப்படைக்கும் எண்ணத்தையும் தெரிவியுங்கள். குடும்பத்தில் கருத்து வேறுபாடு இருப்பதால், அம்மாவும் நீங்களும் தம்பியும் மூவரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் ஒன்றும் இணைப்பது நல்லது.

கொம்புக்குச் சான்றிதழ் இல்லை என்பதால் அதைத் தனிப் பத்தியாக எழுதுங்கள். 1958 என்ற ஆண்டு, பழைய புகைப்படம், அந்நாளைய பட்டியல் நிலை, இன்றுவரை யாருக்கும் விற்கவோ கொடுக்கவோ இல்லை என்ற உறுதி, துறை எடுத்துக்கொள்ள விரும்பினால் ஒப்படைக்கத் தயார் என்ற வாசகம் ஆகியவை அதில் இருக்கட்டும். பதில் எழுத்தில் வேண்டும் என்று கேளுங்கள். ஒப்படைக்கும் நாளில், பெற்றுக்கொண்டவரின் பெயர், பதவி, தேதி, வில்லை எண் ஆகியவை அடங்கிய ரசீது வாங்காமல் தோலைக் கையைவிட்டு விடாதீர்கள். ஆர்செனிக் பற்றி அம்மணி எழுதியதையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள், எடுத்துச் செல்ல வரும் ஊழியர்கள் கையுறையோடு வரட்டும். கடித வரைவை எழுதியதும், பெயர்களையும் எண்களையும் நீக்கிவிட்டு இங்கே இடுங்கள். வரி வரியாகப் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.